பார்த்த கட்டு

மார்பை எடுத்த பிறகு நான் வேலைக்குத் திரும்பியது ஒரு திங்கட்கிழமை. மதராஸில் புற்றுக்கு ஆபரேஷன் செய்து, கரண்டும் வைத்து, ஏழு மாதம் கழித்துத் திருப்பூரில் ரயிலை விட்டு இறங்கினேன். "இனி ஊட்டோட இருந்துக்க" என்றார் என் வீட்டுக்காரர். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் பதினொரு வருடம் நின்றவள் நான். என் கைக்குத் தப்பி ஓட்டைப் பனியன் ஒன்றுகூட வெளியே போனதில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருக்கும் பொறுமை எனக்குக் கிடையாது.

ரவிக்கையின் இடது பக்கம் தொய்ந்து கிடந்தது. வெட்டி மிஞ்சிய பனியன் துணியைச் சுருட்டி, சின்ன மெத்தை மாதிரி தைத்து உள்ளே வைத்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் பனியன் அனுப்புகிற ஊரில் எனக்கு மட்டும் துணிக்கா பஞ்சம்? அழவில்லை. அழ வேண்டியதை எல்லாம் மதராஸிலேயே அழுது முடித்திருந்தேன்.

சிக்கல் மார்பில் இல்லை, கையில். இடது கையைப் பனியனுக்குள் நுழைத்து, விரல்களை விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பதுதான் செக்கிங். ஓட்டை இருந்தால் உள்ளே இருக்கும் கை காட்டிக்கொடுத்துவிடும். வலது கையால் அதில் பென்சில் குறி போடுவோம். அந்த இடது கைதான் வீங்கிப்போய், தோளுக்கு மேலே எழ மாட்டேன் என்றது.

மேஸ்திரி வயதானவர், நல்ல மனிதர். "அம்மிணி, உக்காந்துக்கிட்டுப் பிசிர் வெட்டுங்க. கைக்கு நோவாதுங்க" என்றார். பிசிர் வெட்டுவது, நேற்று வந்து சேர்ந்த பெண்களுக்குக் கொடுக்கும் வேலை. எனக்குச் சுருக்கென்றது.

"ஒரு கட்டுக் குடுங்க, பாத்துத் தர்றனுங்க. முடியலீன்னா நானே கத்தரிய எடுத்துக்கறனுங்க" என்றேன்.

பக்கத்து இடத்தில் நிற்பவள் என்னைவிடப் பத்து வயது இளையவள், என் மேல் உயிரையே வைத்திருந்தவள். அவளே ஓடிப்போய் ஐந்து டஜன் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். வலது கையை உள்ளே விட்டேன். இத்தனை வருடப் பழக்கத்தைக் கை மாற்றுவது லேசில்லை. பனியன் முறுக்கிக்கொண்டது, பென்சில் நழுவியது. மேஸ்திரி பார்க்காதவர் போல அங்கேயே நின்றார்.

பத்துப் பனியன் போனது, ஓட்டை இல்லை. இருபது, முப்பது, அப்போதும் இல்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. நிட்டிங் மெஷினில் ஊசி உடையாத நாள் உண்டா? எண்ணெய்க் கறைகூடவா இருக்காது? திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இது பாத்த கட்டா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீங்க செரமப்படக் கூடாதுன்னுதானுங்கக்கா. நாந்தான் நேத்து பாத்து ஓட்டையெல்லாம் கழிச்சு வெச்சேன்."

பாசத்தில் செய்தாள், தெரியும். இருந்தாலும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஏழு மாதமாக எல்லோரும் இரக்கம் காட்டியே என்னைப் பாதியாக்கியிருந்தார்கள். டேபிளிலும் அதுதானா? வீம்புக்கு மீதியையும் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு, கழுத்துப்பட்டிக்குக் கீழே கடுகளவு ஓர் இடத்தில் கண்ணி விட்டு ஓட்டை விழுந்திருந்தது. விரலால் நெருடினேன். வலது கையின் தோல் பளிச்சென்று தெரிந்தது.

மேஸ்திரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவள் தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் பனியனை மடித்து வைத்தார்.

"செரிங்க அம்மிணி. நாளைலருந்து உங்க எடத்துல நில்லுங்க."

"நாளைக்கு எதுக்குங்க?" என்றேன். "பாக்காத கட்டு ஒண்ணு இப்பவே போடச் சொல்லுங்க."