அறையில் இரண்டாவது நபர்

என் மாமனாரை அறையைவிட்டு வெளியேற்றச் சொல்லிப் போன வருடம் ஒரு கம்ப்யூட்டர் என்னை மிரட்டியது. அவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. வணிகம், பொருளாதாரம் இரண்டையும் இனி ஓர் ஆன்லைன் தளத்தில்தான் நடத்துவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. அங்கே பாடம் நடத்த ஆசிரியர்களும் ஒரு தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் அடுத்த பருவத்துக்கு வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்தே, கேமராவுக்கு முன்னால் எழுத வேண்டும், ஒரே ஒரு வாய்ப்பு. அறையில் தனியாக இருக்க வேண்டும், திரையைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. இந்த விதியை எழுதிய புண்ணியவான் எங்கள் தாராவிப் பக்கம் வந்திருக்கவே மாட்டார்.

எங்கள் வீடு ஒரே அறை. வாசல் பக்கம் கேமராவைத் திருப்பினால் கல்லியில், அந்தக் குறுகிய சந்தில், போகிற வருகிறவர்கள் எல்லோரும் என்னோடு பரீட்சை எழுதுவார்கள். அதனால் சாமி படச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கணவரும் அவர் அம்மாவான அத்தையும் வெளியே போனார்கள். தேர்வுக்கு முந்தைய சோதனை ஓடியது. "அறையில் இரண்டாவது நபர் இருக்கிறார்" என்றது திரை.

திரும்பிப் பார்த்தேன். சந்தன மாலையும் சீரியல் பல்புமாக மாமா என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வள்ளி தெய்வானையோடு நின்ற முருகனை அந்தத் தளம் ஓர் ஆளாகவே மதிக்கவில்லை.

மாமாவுக்கு இது புதிதல்ல. நான் எம்.ஏ. கடைசிப் பரீட்சைக்குக் கிளம்பிய அன்று வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "மருமவ படிச்சது போதும்" என்றவர். நகரவே இல்லை. எனக்கு அந்த வருடம் போயிற்று. அவர் காலமான பிறகுதான் எழுதினேன். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

உதவிக்கான சாட் பெட்டியில், "அவர் என் மாமனார். இறந்துவிட்டார்" என்று எழுதினேன். "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். தயவுசெய்து அவரை வெளியேறச் சொல்லுங்கள்" என்று உடனே பதில் வந்தது.

இருவரையும் உள்ளே கூப்பிட்டு, படத்தைத் திருப்பி மாட்டலாம் என்றேன். "குடும்பத்துக்கு ஆவாது" என்றார் அத்தை. துணியால் மூடலாமா? "மூஞ்சிய மூடுதது பொணத்த எடுக்கும்போதுதாம்ளா." கணவர் தன் பங்குக்கு யோசித்து, கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றைத் தேடி எடுத்து அப்பாவுக்கு மாட்டிவிட்டார். "இரண்டாவது நபர் முகக்கவசத்தைக் கழற்றவும்" என்றது திரை. கணவர் டீக்கடைப் பக்கம் நழுவினார்.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றி, மாஸ்க்கை எடுத்துவிட்டு, அதே ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு வெளியே போனார். மாமாவை மடியில் வைத்து வாசலில் உட்கார்ந்துகொண்டார். தேர்வு தொடங்கியது.

மாலை போட்ட புருஷன் படத்தோடு ஒரு பெண்பிள்ளை வாசலில் உட்கார்ந்திருந்தால் எங்கள் கல்லி என்ன நினைக்கும்? பாதித் தேர்வில் கூட்டம் கூடிவிட்டது.

"என்ன மைனி, அண்ணாச்சி படத்தோட வெளிய இருக்கிய? மருமவ போவச் சொல்லிட்டாளோ?"

"ஏட்டி டீச்சரு, வெளிய வா! வயசான மனுசிய வாசல்ல உக்கார வச்சிட்டு உள்ள காலி பீலி வெட்டியா லேப்டாப்பா பாக்க?"

திரும்பினால் தேர்வு ரத்து. வாயைத் திறந்தாலும் ரத்து. ஒரு பேரத்தில் சம்பந்தமே இல்லாத மூன்றாம் நபர் தலையில் விழும் பாதிப்புக்கு என்ன பெயர் என்று திரை என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது. "வெளிக்குரல் கேட்கிறது. இதுவே கடைசி எச்சரிக்கை" என்று அதன் மேலேயே சிவப்பில் ஒரு வரி வந்தது. வேலை போச்சு என்றே முடிவு செய்துவிட்டேன்.

அப்போது அத்தையின் குரல் கேட்டது. மைக்குக்கு எட்டாதபடி தணிந்த குரல்.

"சத்தம் போடாதிய. அவ உள்ள பரீச்ச எழுதுதா. முன்ன இவிய இதே ஸ்டூல்ல உக்காந்துதான் அவளப் போவ விடல. நான் அடுப்படியில நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். இன்னைக்கு எப்படி எந்திரிச்சு உள்ள போறாவன்னு பாப்போம். நான்லா புடிச்சு வச்சிருக்கேன்."

கல்லியில் சத்தம் அடங்கிவிட்டது. என் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் முகம் மறையும் என்று அப்படியே விட்டு, மிச்சக் கேள்விகளுக்கு மங்கலாகப் பார்த்தே பதில் போட்டேன்.

தேறிவிட்டதாகத் திரையில் வந்ததும் வாசலுக்கு ஓடினேன். அத்தை இரண்டு கையாலும் சட்டத்தை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிட்டா? இவியள உள்ள மாட்டிரலாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் வெளியவே இருக்கட்டும் அத்தை" என்றேன்.