வேலைக்குப் போகாத சின்னவள்

வாசலில் யார் வந்து வீட்டு விவரம் கேட்டாலும், அம்மா சின்னவளை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள். அண்ணன் போனதிலிருந்து இந்த வழக்கம். துறைமுகத்தில் சரக்குப் பெட்டி சரிந்து கடலோடு போனவன் அவன்; உடல் கிடைக்கவில்லை. அம்மாவைக் கேட்டால், ஷிப்டுக்குப் போயிருக்கிறான், அவ்வளவுதான்.

சின்னவள் சட்டைக் கம்பெனியில் காஜா போட்டு, பட்டன் தைத்து வீட்டைத் தாங்கினாள். கண் மங்கிய பிறகுதான் நின்றாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "இவ போயிட்டா அவனுக்கு யாரு சோறு போடுவா?" என்று அம்மா தட்டிக் கழித்துவிட்டாள்.

மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில், ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி குடையை உதறிக்கொண்டு வந்தாள். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை இப்போது பார்க்க விடுகிறார்களாம். அதை வைத்து இந்தத் தெருவில் யார் உழைத்து யார் பிழைத்தார்கள் என்று எழுதப்போகிறாளாம்.

"உங்க வீட்டுத் தாள்ல பையனுக்குத் துறைமுக வேலைன்னு இருக்கும்மா. அடுத்த கணக்கெடுப்புலயும் அதேதான்."

"வேற எங்க போவான்? கப்பல் வந்தா அவன் இல்லாம ஒண்ணும் நகராது," என்றாள் அம்மா.

"பொண்ணுக்கு வேலை இல்லைன்னு போட்டிருக்கு."

"அவ என்னத்தக் கிழிச்சா? அண்ணன் சம்பாத்தியத்துல உக்காந்து சாப்பிட்டா."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. கணக்கெடுப்புக்கு ஆள் வந்த பகல்களில் அவள் கம்பெனியில் தலை நிமிராமல் இருந்திருப்பாள். அம்மா எழுதச் சொன்னது அவளுக்கு இன்றுதான் தெரிகிறது.

வந்தவள் சின்னவளின் காய்த்துப்போன விரல்நுனிகளைப் பார்த்தாள். "அக்கா, இந்தத் தெருவுல பொண்ணுங்க யாருமே வேலைக்குப் போனதா தாள்ல இல்ல. எனக்கு நம்பிக்கை வரல. நீங்க வாயத் திறந்து சொன்னா போதும், திருத்தி எழுதிடுவேன். நிஜமாவே நீங்க எங்கயும் போகலையா?"

கட்டிலில் இருந்த அம்மா மகளின் வாயையே பார்த்தாள். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. தான் சம்பாதித்தேன் என்று சொன்னால், அண்ணன் இல்லை என்று அம்மாவின் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"அண்ணன் விடல," என்றாள் சின்னவள்.

அந்தப் பெண் சற்றுப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதிக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேனே," என்று அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புத்தகம் வெளிவந்துவிட்டது. அதில் இது ஆண்கள் உழைத்து, பெண்கள் வீட்டோடு இருந்த தெரு. அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். சின்னவள்தான் பார்த்துக்கொள்கிறாள், வீட்டில் வேறு யாரும் இல்லை.