தூணை விட்டு ஒரு கட்டம்

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. லிஃப்ட் மெக்கானிக் அவர். "நாலு மணிக்குள்ள ஓடிடுமா?" என்று அபார்ட்மென்ட் செக்ரட்டரி கேட்டால், "ஓடாது சார், படியில ஏறுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவார். இதனாலேயே மூன்று கட்டடங்கள் கைவிட்டுப் போயின. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நான் திட்டாத நாளில்லை.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் கட்டம் போட்ட தாளை விரிப்பார். நாங்கள் ஆளுக்கொரு வேஷம். நான் கேடயக்காரி, பக்கத்துத் தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாள்வீரன், என் தம்பி காயம் ஆற்றும் வைத்தியன். கதையை நடத்துவதும் எதிரிகள் அத்தனை பேரையும் ஆடுவதும் இவர்தான், மாஸ்டர். அடி விழுந்ததா தப்பியதா என்று இருபது முகப் பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் அடி, தாளோரத்தில் எழுதிய உயிர்க்கணக்கில் கொஞ்சம் குறையும். எங்கள் மூவருக்கும் சட்டைப் பொத்தான்கள். எதிரிகள் எல்லாம் இவருடைய டூல் பையிலிருந்து வந்த துருப்பிடித்த நட்டுகள்.

அந்த நட்டுகளுக்கு மூளை உண்டு. "அவனும் உயிரோட வீட்டுக்குப் போகணும்னுதானே பாப்பான்?" என்பார் இவர். பாதிப்பேர் விழுந்தால் மிச்சப்பேர் ஓடிவிடுவார்கள். குறுகலான வாசல் கிடைத்தால் ஒருவன் நின்று எங்கள் மூவரையும் மறிப்பான். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் அம்பு எப்போதும் வைத்தியனுக்குத்தான். அவன் விழுந்துவிட்டால் மற்றவர்களை எழுப்ப ஆளில்லையே!

ஐந்து வருடம் என் தம்பி இதைச் சமாளித்தான். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருபவன். எதிரே வருகிறவன் எந்தப் பக்கம் திருப்புவான் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். எனக்குப் பின்னால் இரண்டு கட்டம் தள்ளி, ஒரு தூண் மறைவாகப் பார்த்து நின்றுகொள்வான். "எங்க, அடிங்க மாமா பாப்போம்!" என்று சீண்டுவான். இவரும் மீசைக்குள் சிரித்தபடி தூணைச் சுற்றிவர வழி தேடுவார்.

அப்புறம் அவனுக்கு வயிற்று வலி வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் எங்கள் இருவரையும் தனியே நிறுத்திச் சொன்னார். கணையத்தில் கட்டி, பரவிவிட்டது, மூன்று மாதம். தம்பியிடம் வயிற்றுப்புண் என்று சொன்னவள் நான்தான். கல்யாணம் வேண்டாமென்று எங்கள் மாடியறையிலேயே தங்கிவிட்டவன், என்னை விட்டால் அவனுக்கு யார்? இருக்கிற நாளையாவது பயமில்லாமல் கழிக்கட்டும் என்று நினைத்தேன். "வாயைத் தெறந்தீங்க, நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்று இவரிடம் சத்தியம் வாங்கினேன்.

இவர் அதற்கப்புறம் தம்பி எதிரே வந்தாலே டூல் பைக்குள் தலையை விட்டுக்கொள்வார். பேசினால்தானே பொய் சொல்ல வேண்டும்?

அதோடு விட்டேனா நான்! ஞாயிற்றுக்கிழமை காலையில் இவரைச் சமையலறைக்குள் இழுத்து, "இன்னிக்கு அவனை அடிக்காதீங்க" என்றேன்.

"பகடையை நான் எப்படி மாத்துறது?"

"பகடையை யாரு மாத்தச் சொன்னா? அவன் மேல குறி வைக்காதீங்க, போதும்."

அன்றைக்குச் சண்டை ஒரு பாழடைந்த கிடங்கில். பரண்மேல் ஐந்து வில்லாளிகள். முதல் ரவுண்டில் ஐந்து அம்பும் என் கேடயத்துக்கு வந்தன. இரண்டாவதிலும் அப்படியே. "என்ன மாஸ்டர், வீட்டுச் சண்டையை இங்க தீத்துக்கிறீங்களா?" என்று கண்ணாடிக்கடைக்காரர் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. பரணையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தான். தன் முறை வந்ததும் தன்னுடைய வெள்ளைப் பொத்தானைத் தூணைவிட்டு ஒரு கட்டம் வெளியே நகர்த்தினான். நட்ட நடு வெட்டவெளி.

"டேய், என்னடா பண்ற? உள்ள போடா!" என்றேன்.

"இருக்கட்டும்க்கா."

இவருக்கு வியர்த்துவிட்டது. பகடையைக் கைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார். "அஞ்சு பேரும்... கேடயக்காரியைத்தான் அடிக்கிறாங்க" என்றார்.

தம்பி பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. "மாமா, டாக்டர் எவ்வளவு நாள் சொன்னாரு?"

"என்னடா உளர்ற? வயித்துப்புண்ணுக்குப் போயி..."

"நீ சும்மா இருக்கா. நான் மாமாவைக் கேட்டேன்."

இவர் வாய் திறக்கவில்லை, சத்தியமாயிற்றே. மூன்று நட்டுகளை எடுத்து வெள்ளைப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வருஷமா?"

இவர் தலையை அசைத்தார், இல்லை என்று.

"மாசமா?"

தாளில் இவர் கண்ணீர் விழுந்தது. என் தம்பி முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சின்ன வயதில்கூட. பாவி, அந்த முகத்தைப் பார்க்கக் கூடாது என்றுதானே அத்தனையும் செய்தேன்!

பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு அவன் சொன்னான், "ஒழுங்கா அடிங்க மாமா. உங்க ஆளுங்க இப்படி அடிக்கமாட்டாங்க."

இவர் அடித்தார். ஐந்து தடவை பகடையை உருட்டினார். நான்கு, இரண்டு, ஏழு, மூன்று, ஐந்து. ஒன்றுகூடப் படவில்லை. "தப்பிச்சுட்டியேப்பா!" என்று பழக்கதோஷத்தில் கையைத் தட்டிவிட்டு, கண்ணாடிக்கடைக்காரர் தட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு மாடிக்குப் போனான்.

அப்புறம் அவன் மேசைக்கு வரவே இல்லை. மூன்று மாதம்கூட அவன் இருக்கவில்லை, நாற்பத்தேழே நாள். "நீயே சொல்லியிருக்கலாம்லக்கா" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவ எழுந்து போய்விட்டேன்.

இப்போதெல்லாம் செக்ரட்டரி கேட்டால், "ஓடிடும் சார்" என்று இவர் சொல்லிவிடுகிறார். அது ஓடுவதில்லை. நானும் திட்டுவதில்லை.

அந்தத் தாள் மேசை டிராயரில் இருக்கிறது. வெள்ளைப் பொத்தானை அதே கட்டத்தில் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார். ஓரத்தில் தம்பியின் கையெழுத்தில் வைத்தியனின் உயிர்க்கணக்கு: முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. அவன்மேல் ஒரு கீறல்கூட இல்லை.