இடம் விட்டு நின்ற செங்கல்

விரல் நுனியில் "கிருஷ்ணாயில்" வாசனை ஏறிவிட்டால் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. ஆறாம் வகுப்பு முழுக்க என் நோட்டுகளும் டிபன் பாக்ஸும் பரீட்சைத் தாள்களும்கூட அந்த வாசனையோடுதான் இருந்தன. மண்ணெண்ணெய் என்ற சொல்லைப் பாடப் புத்தகத்தில்தான் பார்த்தேன், பம்மலில் எங்கள் தெருவில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

மாதத்தில் இரண்டு நாள் ரேஷன் கடையில் ஊற்றுவார்கள். பீப்பாய் வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், விடிந்ததும் ஆளுக்குப் பதிலாகக் காலிக் கேனைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிடுவது வழக்கம். வரிசை நகரும்போது அவரவர் கேனை அவரவர்தான் நகர்த்திக்கொள்ள வேண்டும். ஆளில்லாத கேனைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். அப்பா தோல் பட்டறைக்கும், அம்மா குரோம்பேட்டையில் நாலு வீட்டு வேலைக்கும் போய்விடுவதால் கேனோடு நிற்பது என் வேலை. இப்படி நின்று நின்றே ஏழெட்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் போக, இன்னும் ஒரு நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவேன் என்று வகுப்பாசிரியர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாருடைய பெயரும் எந்தப் பள்ளி ரிஜிஸ்டரிலும் இருந்ததில்லை. அடிப்பது என்றால் என்ன என்பதையே அம்மாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. அம்மா யோசித்துவிட்டு, "அடுப்பு எரியணுமேடா. அடிச்சா அடிச்சிட்டுப் போறாங்க, நீதான் எழுதத் தெரிஞ்சிக்கினியே" என்றாள்.

அரைப் பரீட்சை அறிவியல் தாளும் கிருஷ்ணாயில் நாளும் ஒன்றாக வந்தன. அன்று காலை கேனைத் தூக்கிக்கொண்டு போனபோது வரிசை தெருமுனை வரை வந்திருந்தது. கடைசியில் ஒரு செங்கல், ஒரு பக்கம் மட்டும் சுண்ணாம்பு ஒட்டிய பழைய செங்கல். அதற்கும் அதற்கு முந்தைய கேனுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருந்தது. என் கேனை வைத்தேன், அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. எனக்குப் பின் வந்தவர்கள் செங்கல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டேன்.

பரீட்சையில் என்ன எழுதினேன் என்று நினைவில்லை. சாக்கடையில் கிடக்கும் கேன்தான் கண்ணில் நின்றது. மணி அடித்ததும் ஓடிவந்து பார்த்தால், கேன் கவுன்ட்டரிலிருந்து மூன்றாவதாக நின்றுகொண்டிருந்தது, அதன் பின்னால் செங்கல். காலையில் அறுபது கேனுக்குப் பின்னால் விட்டுப் போனது அது.

யார் நகர்த்தியது என்று செங்கல்லுக்குப் பின்னால் நின்ற இட்லிக் கடை அக்காவிடம் கேட்டேன்.

"இன்னாடா கேக்கற? நீ இங்கியேதானே நின்னுகினு இருந்த" என்றார் அவர்.

இல்லை, இப்போதுதான் வருகிறேன் என்றேன். அவர் என் யூனிபார்மையும் கையிலிருந்த பரீட்சை அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

என் கேன் நிரம்பியதும் செங்கல்லின் முறை வந்தது. ஊற்றுகிறவர் அளவுக் குவளையைக் கையில் பிடித்தபடி, செங்கல்லுக்கு மேலே, ஓர் ஆளின் முகம் இருக்கவேண்டிய உயரத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "அடுத்தது" என்றார். இட்லிக் கடை அக்கா அதைத் தாண்டாமல், தள்ளாமல், சுற்றிக்கொண்டு முன்னால் போனார்.

அந்தப் படிப்பு வருஷம் முடியும்வரை இதேதான் நடந்தது. நான் எத்தனை மணிக்குப் போனாலும் வரிசையின் கடைசியில் செங்கல், அதன் முன்னால் இடைவெளி. யார் வைத்தது என்று கேட்டதற்கு அக்கா, "யார் வூட்டுக் கல்லோ, அது பாட்டுக்கு கீது, உனுக்கு இன்னா பேஜாரு" என்று வாயை அடைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் என் பெயர் தப்பித்துவிட்டது. ஆனால் மதிய மணி அடிக்கும்போதெல்லாம், இந்நேரம் கேனை யார் நகர்த்துகிறார்கள் என்ற நினைப்புதான்.

தாங்க முடியாமல் ஒரு நாள் ஜுரம் என்று பொய் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கேனை வழக்கம்போல் செங்கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டு, கடைக்கு எதிரிலிருந்த தையல்கடை பாயிடம் போய் அவர் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் கேனை யார் நகர்த்துகிறார்கள் என்று கேட்டதற்கு, பாய் ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல், "நானும் பாக்குறேன் தம்பி, அது தானாத்தான் போவுது. டிக்கெட் வாங்கியிருக்கும்" என்றார்.

வண்டி வந்தது, வரிசை அசைந்தது, என் கேனும் அசைந்தது. முன்னால் நின்றவர் யாரோடோ பேசிக்கொண்டே குதிகாலால் என் கேனை இழுத்தார். பக்கத்தில் நின்ற பெண் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டபடி பாதத்தால் தள்ளினாள். இட்லிக் கடை அக்கா, விலைவாசியைத் திட்டிக்கொண்டே, குனிந்து செங்கல்லை ஒரு சாண் நகர்த்திவிட்டு நிமிர்ந்தார். ஒருவர்கூடக் கீழே பார்க்கவில்லை. அத்தனை பேர் காலும் கையும் அவர்களுக்குத் தெரியாமலேயே எங்கள் வீட்டுக் கேனைக் கவுன்ட்டருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. அதனால்தான் யாரைக் கேட்டாலும் "நான் இல்ல" என்றார்கள், அது உண்மையும்கூட. பேய் என்று தெரிந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

செங்கல்லை யார் வைத்தார்கள், அதன் முன்னால் ஏன் யாரும் கேன் வைக்கவில்லை என்பது மட்டும் அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது.

இப்போது எங்கள் தெருவில் கிருஷ்ணாயில் இல்லை, கேன் வரிசை இல்லை. ரேஷன் கடையில் விரலை வைத்தால் மெஷின் கூவுகிறது. பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. செங்கல் எந்தச் சுவருக்குள் போனதோ.

போன மாதம் அம்மாவுக்கு மாத்திரை வாங்கத் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி மருந்து வரிசையில் நின்றிருந்தேன். கைபேசியில் அலுவலக மெயில் படித்துக்கொண்டே நகர்ந்துகொண்டிருந்தவனைப் பின்னால் இருந்தவர் தோளில் தட்டினார். "முன்னாடி அவ்ளோ எடம் கீதே சார், போங்க."

நிமிர்ந்து பார்த்தேன். எனக்கும் முன்னால் நின்றவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. எப்போதிலிருந்து விட்டுக்கொண்டு வருகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. "ஆள் வராங்க" என்று என் வாய் சொன்னது. யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் மருந்துச் சீட்டோடு ஓடிவந்தாள், மூச்சு வாங்கியது. யாரையும் கேட்கவில்லை, என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக வந்து அந்த இடத்தில் நின்றுகொண்டாள்.