எட்டு எள்ளுருண்டைகள்

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த மூன்றாம் ஆண்டு, சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் இது நடந்தது. அப்போது நான் மாத்தளை நகரில் ஒரு கல்லூரியில் விஞ்ஞானமும் சுகாதாரமும் கற்பித்து வந்தேன். விளையாட்டுப் பொறுப்பும் என்னுடையதே. வயது இருபத்தெட்டு. சலவை செய்த வெள்ளைச் சட்டை இல்லாமல் நான் கடைவீதிக்குப் போனதில்லை. என்னைக் கண்டால் கடை வாசலில் நிற்பவர்கள் சுருட்டை மறைப்பார்கள். எங்கள் இளைஞர் கழகத்தில் சைக்கிளோட்டம் பற்றி நான் ஆற்றிய மூன்று சொற்பொழிவுகளைக் கேட்டவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். பெருமைக்காக இவற்றைச் சொல்லவில்லை. என் நிலை என்னவாக இருந்தது என்று தெரியாவிட்டால், நான் எவ்வளவு கீழே இறங்கினேன் என்பது வாசகர்களுக்கு விளங்காது.

அந்தச் சொற்பொழிவுகளின் சாரம் இதுதான்: ஓட்டத்தின்போது எதையும் உண்ணக் கூடாது. உணவு வயிற்றில் விழுந்தால் இரத்தம் அங்கே போய்விடும், கால்களுக்குக் கிடைக்காது. காலையில் பாலும் இரண்டு பச்சை முட்டையும், வழியில் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் ஒரு போத்தல், அவ்வளவே. இதை நான் ஓர் ஆங்கில நூலில் படித்திருந்தேன். அந்த நூல் அரை மைல் ஓடுகிறவர்களுக்காக எழுதப்பட்டது என்பதை மிகவும் பிந்தியே கவனித்தேன்.

எங்கள் ஓட்டம் அரை மைல் அல்ல. மாத்தளையிலிருந்து தம்புள்ளை வரை போய்த் திரும்ப வேண்டும்; அறுபது மைலுக்குச் சற்றுக் குறைவு. அதை இருவர் இருவராகச் சோடி சேர்ந்து ஓட்ட வேண்டும். சோடியில் பின்னால் வருகிறவர் எப்போது கோட்டைத் தாண்டுகிறாரோ அப்போதுதான் அந்தச் சோடி வந்து சேர்ந்ததாகக் கணக்கு. முதலில் வரும் சோடிக்கு நகரத்து வியாபாரிகள் ஆளுக்கொரு புதுச் சைக்கிள் கொடுப்பதாக அந்த ஆண்டு அறிவித்திருந்தார்கள்.

எனக்குச் சோடியாக வாய்த்தவர், நகருக்கு மேலே நான்கு மைல் தொலைவிலிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் தபால்காரர். நாள்தோறும் தோட்டத்துத் தபால் பையோடு இறங்கி வந்து, மறுபடி அதே மேட்டில் ஏறிப் போகிறவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆயினும் நான் அவரை ‘நீ’ என்றேன். அவர் என்னை ‘ஐயா’ என்றார். மேட்டில் அவரைப் பிடிக்க எங்கள் கழகத்தில் ஆளில்லை. அவர் ஓட்டிய சைக்கிள் தோட்டத்துக்குச் சொந்தமானது. தபால் தவிர வேறு எதையும் அதில் ஏற்றக் கூடாது என்பது தோட்டத்தை நடத்திய துரையின் கட்டளை.

பயிற்சிக்குப் போன ஒரு நாள் அவர் சொன்னார்:

“கப்பு எனக்கு வேணாங்க ஐயா. சைக்கிள் கெடச்சா போதும். எம் மக தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது முடிக்குது. அதுக்கு மேல அங்க வகுப்பு ஏது? சொந்தச் சைக்கிளுன்னா தொரை வாயத் தொறக்க முடியாது. தபாலுக்கு வர்றப்ப பிள்ளைய பார்ல உக்கார வச்சுக் கூட்டியாந்து டவுன் பள்ளிக்கூடத்துல எறக்கிட்டுப் போயிருவேன்.”

நான் தலையசைத்தேன். என் மனத்தில் இருந்தது வேறு. முந்திய ஆண்டு எங்கள் கழகம் நான்காவதாக வந்ததை ஆசிரியர் அறையில் ஒருவர் சிரித்துக்கொண்டே நினைவூட்டியிருந்தார்.

ஓட்டத்தன்று காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. அதற்கு முன் எங்கள் கழகத்தவரின் பைகளைச் சோதிப்பது என் வழக்கம். தபால்காரரின் தோளில் ஒரு காக்கித் துணிப்பை தொங்கியது. உள்ளே வாழைநாரால் கட்டிய இலைப் பொட்டலம். அவிழ்த்தேன். எட்டு எள்ளுருண்டைகள். வறுத்த எள்ளோடு குரக்கன் என்கிற கேழ்வரகு மாவைச் சேர்த்து இடித்து, கித்துள் மரத்துக் கருப்பட்டிப் பாகில் பிடித்தவை. சுக்கின் மணம் வந்தது.

“இது என்ன?”

“வீட்டுல செஞ்சு குடுத்தாங்க ஐயா. தபாலுக்கு வர்றப்பவும் ரெண்டு கொண்டாருவேன். மேட்டுல ஒண்ண வாயில அடக்கிக்கிட்டா கால் தானா ஓடும்.”

“கால் ஓடாது. வயிறுதான் ஓடும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

“ரெண்டாச்சும் குடுங்க ஐயா. பழகிப்போச்சு.”

“பழக்கத்த மாத்தத்தான் நான் இருக்கேன்.”

எங்கள் கழகத் தலைவர் ஒரு முஸ்லிம் வியாபாரி. ஏலமும் மிளகும் வாங்கி விற்பவர். அவர் மெல்லச் சொன்னார்: “குடுத்துடுங்க மாஸ்டர். மனிசிட கையால செஞ்சது, பாவம்.”

எனக்கு அது பிடிக்கவில்லை. பலர் முன்னால் ஒரு விதியைச் சொல்லிவிட்டுப் பலர் முன்னாலேயே அதைத் தளர்த்துகிறவன் ஆசிரியன் அல்லன் என்பது அப்போதைய என் கொள்கை. அதே வேளையில் உணவை எறிவதும் என் வழக்கமன்று. முடிந்ததும் திருப்பிக் கொடுக்கலாம் என்று பொட்டலத்தை மறுபடி கட்டி, என் சைக்கிள் ஆசனத்தின் கீழிருந்த தோல் பைக்குள், ஆணி முடுக்கும் சாவிகளோடு வைத்துப் பூட்டினேன்.

போகும் வழி பெரும்பாலும் இறக்கம். பலாபத்வல, நாலந்தா, நாவுல என்று ஊர்கள் பின்னால் ஓடின. வெயில் ஏறுமுன் தம்புள்ளையைத் தொட்டோம். எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. நாங்கள் திரும்பும் நேரத்தில் இரண்டாவது சோடி வந்தது. வஹகோட்டையிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர். ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, சட்டைக்குள்ளிருந்து வாழைப்பழமும் ரொட்டியும் எடுத்து அவசரமில்லாமல் தின்றார்கள்.

“பாத்தியா? நாலு மைல்ல வாந்தி எடுப்பாங்க” என்றேன்.

“எடுத்தா நல்லதுங்க ஐயா” என்றார் தபால்காரர். அவர் கண் வாழைப்பழத்தில் இருந்தது.

அவர்கள் வாந்தி எடுக்கவில்லை.

திரும்பும் வழி முழுவதும் ஏற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் இறக்கம் என்று ஒன்று வரும்போதெல்லாம் அது உடனே முடிந்துவிடும். சித்திரை வெயில். என் போத்தல் தம்புள்ளையிலேயே காலியாகியிருந்தது. நாவுலவைத் தாண்டியதும் கொட்டாவி வரத் தொடங்கியது. அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்த வியர்வை. தந்திக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். பதினொன்றுக்குப் பிறகு என்ன எண் என்பது மறந்துபோயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். முன் சக்கரம் யாருடையதோ போல எங்கோ தூரத்தில் உருண்டது.

வழியில் தேநீர்க் கடைகள் இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றிலும் என்னை அறிந்தவர் யாராவது இருந்தார்கள். ஒரு கடைக்காரரின் மகன் என் வகுப்பில் படித்தான். ‘மாஸ்டர் எறங்கி வந்து வாழைப்பழம் கேட்டார்’ என்ற செய்தி பஸ்ஸைவிட வேகமாக ஊருக்குப் போய்ச் சேரும். ஆகவே கடைகளைக் காணும்போது மட்டும் முதுகை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

நாலந்தாவுக்கு அப்பால் என்னால் அவரோடு ஈடுகொடுக்க முடியவில்லை.

“நீ முன்னுக்குப் போ. நான் பின்னால வர்றேன்.”

“ரெண்டு பேரும் சேந்தாத்தானேங்க ஐயா கணக்கு?”

“சொன்னதச் செய்.”

அவர் போனார். வளைவில் மறைந்ததும் நான் இறங்கினேன். பலாபத்வலவுக்கு முன்னால் நீண்டதொரு மேடு உண்டு; அதன் அடியில் ஒரு மதகு. ஆசனத்தின் ஆணி தளர்ந்துவிட்டது, சாவி எடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தோல் பையைத் திறந்தேன். சைக்கிளை மதகுச் சுவரில் சாய்த்துவிட்டு, வீதியில் போகிறவர்களுக்குத் தெரியாதபடி சரிவில் இறங்கி உட்கார்ந்தேன். வாழைநாரை அவிழ்க்கப் பொறுமையில்லை, பல்லால் இழுத்தேன்.

முதல் உருண்டையைத் தின்றது எனக்கு நினைவில்லை. இரண்டாவதன் சுவை இன்றும் நினைவிருக்கிறது. மூன்றாவதைக் கையில் எடுத்தபோது மேலே வீதியில் சைக்கிள் மணி கேட்டது. வஹகோட்டைச் சகோதரர்கள் ஏதோ பேசிச் சிரித்தபடி போனார்கள். எழுந்து ஏறியிருந்தால் அப்போதே அவர்களைப் பிடித்திருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான்காவதையும் ஐந்தாவதையும் ஆறாவதையும் தின்றேன்.

நிமிர்ந்தபோது தபால்காரர் மதகின் மேல் நின்றார்.

மேட்டின் உச்சியில் காத்திருந்தாராம். சகோதரர்கள் கடந்து போனதைக் கண்டதும் எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து, ஏறிய மேட்டை முழுவதும் இறங்கி வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார். மடியில் விரிந்திருந்த இலையைப் பார்த்தார். அவருடைய மனைவி கட்டிய நார் என் காலடியில் கிடந்தது. என் உதட்டில் எள் ஒட்டியிருந்திருக்க வேண்டும்.

பிறகு அவர் என் சைக்கிளைப் பார்த்தார்.

“செயின் கழண்டிருச்சுங்களா ஐயா?”

“ஆமாம்” என்றேன்.

அவர் குந்தி உட்கார்ந்தார். கழலாமல் தன் இடத்திலேயே இருந்த சங்கிலியை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். மிதியைக் கையால் சுழற்றினார். எழுந்தபோது இரு கைகளிலும் எண்ணெய்க் கறுப்பு.

“சரியாயிருச்சு. ஏறுங்க.”

மீதியிருந்த இரண்டு உருண்டைகளையும் இலையோடு நீட்டினேன்.

“வேணாங்க ஐயா. பாதி வழியில வயித்துல எதுவும் போடக் கூடாதுன்னு நீங்கதானே படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க.”

அவர் சிரிக்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. அந்தப் பேச்சில் குத்தல் இருந்ததா, அல்லது சொன்னபடியே கேட்கிற மனிதரின் சாதாரண பதில்தானா என்பதை இத்தனை ஆண்டுகளாகியும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அந்த மேட்டை அவர் இரண்டாம் முறையாக ஏறினார். காலையில் குடித்த பாலுக்கும் முட்டைக்கும் பிறகு அவர் வாயில் எதுவும் விழவில்லை. எனக்கோ கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. அவருடைய உணவு என் கால்களில் ஓடிக்கொண்டிருந்தது. பலாபத்வலவைத் தாண்டியதும் அவர் தளர்ந்துவிட்டார். கடைசி இரண்டு மைலும் நான் அவருக்காக வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. வீதியோரம் நின்று பார்த்தவர்கள் அதைப் பெருந்தன்மை என்று எண்ணிக் கைதட்டினார்கள்.

சகோதரர்களுக்குப் பின் நான்கு நிமிடம் கழித்துக் கோட்டைத் தாண்டினோம்.

“என்ன மாஸ்டர் நடந்த?” என்று கழகத் தலைவர் ஓடி வந்தார். “நீங்கதான் முன்னுக்கு வாரன்னு பஸ்ஸில வந்த ஆக்கள் சொன்னாங்களே.”

நான் வாயைத் துடைத்துக்கொண்டேன். அதற்குள் தபால்காரர் தன் கறுத்த கைகளைக் காட்டினார்.

“ஐயாவோட செயின் கழண்டு போச்சுங்க. அதுல நேரம் போயிருச்சு.”

“சீ, இரும்புச் சாமான நம்பேலாது” என்றார் தலைவர்.

நான் மறுக்கவில்லை. பொட்டலத்தைத் தபால்காரரிடம் கொடுத்தேன். ஓட்டம் முடிந்துவிட்டதால் இப்போது வாங்கிக்கொண்டார். வீதியோர வடிகாலருகே குந்தி, எண்ணெய்க் கையாலேயே இரண்டையும், தலை நிமிராமல் தின்றார். இரண்டாம் பரிசு, சுடுதண்ணீர் ஊற்றி வைக்கும் பிளாஸ்க் போத்தல் ஆளுக்கொன்று.

அடுத்த ஆண்டு கழகத்தவர் உணவு கொண்டுபோகலாம் என்று விதியை மாற்றினேன். புதிய ஆராய்ச்சி அப்படிச் சொல்கிறது என்றேன். அவருடைய மகளை நகரத்துப் பெண்கள் பாடசாலையில் சேர்க்கச் சிபாரிசுக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அது எனக்கு எளிதான காரியம். அந்தப் பிள்ளை நான்கு மைல் இறங்கி, நான்கு மைல் ஏறி, நடந்தே வந்தாள். மழை நாள்களில் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதைக் கண்டிருக்கிறேன். என்னைக் கண்டால் ஒதுங்கி நிற்பாள். மூன்று ஆண்டுகள் வந்தாள். நான்காம் ஆண்டு வரவில்லை. நான் குடியிருந்த வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே அரை மைல் தூரம். என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தது.

அன்று ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று தபால்காரரிடம் நான் கேட்டதேயில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். முகவரி என்னிடம் இல்லை.

நான் ஓய்வுபெற்றபோது பழைய மாணவர்கள் ஒரு மலர் வெளியிட்டார்கள். அதில் ஒருவர் இந்த ஓட்டத்தைப் பற்றி உருக்கமாக எழுதியிருக்கிறார். அவர் எழுத்தில் சங்கிலி கழலவில்லை, அறுந்தே போய்விட்டது; நான் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு மேடேறினேன்; களைத்து விழுந்த தோழரையும் கைவிடாமல் அழைத்து வந்தேன். படித்து முடித்ததும் எனக்கு அந்த மேட்டில் வந்த அதே களைப்பு வந்தது. இத்தனை காலமும் என் மதிப்பைச் சுமந்து வந்தவர் நான் அல்லர், எண்ணெய்க் கையோடு நின்ற அந்த மனிதரே என்பதை இனியும் எழுதாமல் இருக்கும் வலு எனக்கில்லை.

ஆகவே மலரில் உள்ளதைத் திருத்துகிறேன். சங்கிலி அறவில்லை. கழலவும் இல்லை. நான் மதகுக்குக் கீழே உட்கார்ந்து, அவரிடமிருந்து பறித்த எள்ளுருண்டைகளைத் தின்றுகொண்டிருந்தேன்.