டெய்லரம்மாவின் வார்த்தை விசாரணை

டெய்லரம்மா லேசில் யாரையும் நம்பமாட்டார். அளவுச் சட்டையைக் கொடுத்தாலும், ஆளை நிற்க வைத்து மறுபடி டேப் பிடித்துப் பார்த்த பிறகே துணியில் கத்திரி வைப்பார். அப்படிப்பட்டவருக்கு நாள் முழுக்க ஃபோனில் இங்கிலீஷ் பேசுகிற வேலையில் இருக்கும் மருமகள் வாய்த்தால் கேட்கவா வேண்டும்!

தன் மகனைத் தனிக்குடித்தனம் கூட்டிப்போகத்தான் அவள் திட்டம் போடுகிறாள், அதுவும் தனக்குப் புரியாத பாஷையில் என்று அம்மாவுக்குச் சந்தேகம். வெட்கத்தை விட்டு அவளிடமே ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்க ஆரம்பித்தார். வெறும் அர்த்தம் போதாது. சம்பந்தம் பேசுகிறவர் மாதிரி, அது எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் தெரிந்தாக வேண்டும்.

"விண்டோன்னா காத்தோட கண்ணு அத்தை. குளிர் நாட்டுல இருந்து கப்பல்ல வந்தவங்க விட்டுட்டுப் போன வார்த்தை. மஸில்னா சின்ன எலி. கையை மடக்கினா தோலுக்குள்ள எலி ஓடுற மாதிரி இல்ல?"

"யாருக்குடி காது குத்துற?"

மறுநாளே எதிர்ச்சாரி மருந்துக்கடைக்குப் போய்விடுவார். கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே வார்த்தை பிறந்த கதையும் போட்ட தடித்த இங்கிலீஷ் அகராதி ஒன்று வைத்திருந்தார்; அவரே படித்துச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் மருமகள் சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் அம்மாவை இன்னும் உறுத்தியது. இவ்வளவு சுத்தமாக இருக்கிறாளே, உள்ளே என்ன வைத்திருக்கிறாளோ!

அப்புறம் சம்பளத்தைச் சொல்கிற சாலரி வந்தது. வழக்கம்போல ராத்திரி கேட்டதற்கு மறுநாள் மதியம்தான் பதில் வந்தது.

"உப்புக்கு உறவுக்கார வார்த்தை அத்தை. சிப்பாய்ங்களுக்கு உப்பையே கூலியாக் கொடுத்தாங்கன்னு கதை சொல்வாங்க. அது நிச்சயமில்ல."

மாட்டிக்கொண்டாள் என்று அம்மா செருப்பை மாட்டினார்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "காலையிலயே உங்க மருமக வந்து இதைப் பார்த்துட்டுப் போயிட்டாங்கம்மா. தினமும் வருவாங்க. ஒண்ணு தப்பாச் சொன்னாலும் அத்தை அப்புறம் என்னை எதுலயுமே நம்பமாட்டாங்கன்னு பயம்."

அம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நேராகவே கேட்டார்.

"என் பிள்ளையைத் தனியாக் கூட்டிட்டுப் போகப் போறியா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "வீடு பார்த்தாச்சு அத்தை. அடுத்த மாசம் போகணுமாம். எனக்கு இஷ்டமே இல்ல. அவர்தான் பார்த்தார், உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னார். நீங்களே கேட்டப்புறம் எனக்குப் பொய் சொல்ல வரல."

அவன் மேல் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லையே, பாவி! அம்மா மிஷின் மேல் கிடந்த துணியைத் தள்ளிவிட்டு மருமகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அவன் போனாப் போகட்டும். நீ இருடி."