டிஸ்கில் ஏறாத பத்தாம் பாடம்

"அண்ணே, இந்தக் கம்ப்யூட்டர் எதை மொதல்ல மறக்கும்?"

ஸ்ரீஜா சிறு பிள்ளையாய் இருந்தபோது கேட்டாள். "யாரும் கேக்காததை" என்றேன்.

வாடிப்பட்டிப் பக்கம், பார்வையற்ற மாணவிகள் விடுதியில் கணினிகளைப் பராமரிக்கிறேன். நான் சொல்லப்போவது நடந்தது. கடவுள் அறிய, ஒரு சொல்லும் கூட்டவில்லை.

விடுதியில் இணையம் மெதுவாக வரும். அதனால் ஒருமுறை இறங்கிய ஒலிப்பாடங்களைச் சேமித்து, கேட்கும்போதெல்லாம் தரும் பிராக்ஸி சர்வர் வைத்திருந்தோம். டிஸ்க் பெரிது, மெமரி சிறிது. டிஸ்கில் உள்ள ஒவ்வொன்றுக்கும் மெமரியில் ஒரு முகவரி வேண்டும். முகவரிகளே மெமரியை அடைத்துவிட்டன. டிஸ்கில் பாதியை அழிக்க உட்கார்ந்தேன்.

அன்று மதியம் இரண்டு மணி தாண்டியிருந்தது. மின்சாரம் இல்லை. கேபிள் அறுந்து காலையிலிருந்தே இணையமும் இல்லை. பேட்டரி தீரப்போவதாக யூபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது. பீப்… பீப்…

ஸ்ரீஜா வந்தாள். மறுநாள் அவளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு.

"ஷாஹீதாக்கா பத்தாவது பாடம் ஏத்திட்டாங்களாண்ணே? போன தடவ ரெண்டு மார்க்ல போச்சு."

"லைனே இல்ல. எப்பிடிம்மா ஏறும்?"

ஷாஹீதா மதுரையிலிருந்து பாடங்களை வாசித்து அனுப்புபவர். ஒன்பதுதான் வந்திருந்தன.

திரையைப் பார்த்தேன்.

மெமரியில்… பாடம் பத்து. வந்த நேரம் 2:10.

டிஸ்கில் எழுதச் சொன்னேன். எழுதிய அளவு பூஜ்யம். மறுபடியும் பூஜ்யம். மெமரியில் மட்டும் இருப்பது, யூபிஎஸ் அணைந்தால் போய்விடும்.

"வந்திருக்கும்மா. இப்பவே கேளு."

ஹெட்போனில் அவளுக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது. ஷாஹீதாவின் குரல்தான். மற்ற பாடங்களில் தாள் புரளும், இடையிடையே மூச்சு வாங்குவார்.

இதில் தாள் சத்தம் இல்லை.

மூச்சும் இல்லை.

பிரெய்ல் குத்திக்கொண்டே ஸ்ரீஜா முணுமுணுத்தாள்: "கொஞ்சம் மெதுவாக்கா…"

குரல் மெதுவானது.

நான் எதையும் தொடவில்லை.

பீப்… பீப்…

"அம்புட்டுத்தான் ஸ்ரீஜா. நல்லா எழுது."

திரை அணைந்தது.

மாலையில் மதுரையிலிருந்து திரும்பிய வார்டன் ஜானு என்னைத் தனியே அழைத்தார்.

"பரீட்சை முடியிற வரைக்கும் ஸ்ரீஜாகிட்ட சொல்லிறாதீங்க. ஷாஹீதா நேத்து தவறிட்டாங்க. இன்னைக்கு ரெண்டு மணிக்கு அடக்கம். 'பத்தாவது பாடம் மட்டும் அந்தப் பிள்ளைக்குக் கடனா நிக்குதே'ன்னு ஆஸ்பத்திரியில புலம்பிக்கிட்டே இருந்தாங்களாம். ஒரு வரிகூட வாசிக்க முடியலையாம்."

மின்சாரம் வந்ததும் சர்வரில் தேடினேன். பாடம் பத்து வந்ததற்கே அடையாளம் இல்லை.

பிறருக்குச் செய்ய நினைத்த சிறு நன்மையைக் கடவுள் பாதியில் விடமாட்டார் என்று நம்புகிறவன் நான். ஆனாலும் இன்னொரு முறை தேடிப் பார்த்தேன்.

உள் அறையில் ஸ்ரீஜா, விரலால் புள்ளிகளைத் தடவித் தடவி, பத்தாம் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.